பழனி முடியும் ஜெருசலேம் தீர்ப்பும்

மலைக்கு வந்த யூதர்கள் – பகுதி 17

சென்ற வாரம் வட்டக்கானலில் நின்றிருந்தோம்.

1992 ஜனவரியில் இந்தியாவும் இஸ்ரேலும் முழுத் தூதரக உறவு வைத்துக்கொண்டன. அதன்பிறகு, கட்டாய ராணுவ சேவையை முடித்த கையோடு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய இஸ்ரேலிய இளைஞர்கள் கோவா, ஹம்பி, மணாலி என்று சுற்றிவிட்டுக் கொடைக்கானலின் ஓரத்தில் இருந்த இந்தச் சிற்றூரையும் கண்டுபிடித்தார்கள். கடைப் பலகைகளில் எபிரேய எழுத்து ஏறியது. ‘குட்டி இஸ்ரேல்’ என்று பெயரும் விழுந்தது. 2016 அக்டோபரில் கண்ணூர் மாவட்டம் கனகமலையில் என்.ஐ.ஏ. வளைத்த குழு, வட்டக்கானலுக்கு வரும் யூதர்களையும் குறிவைத்திருந்தது என்ற குற்றச்சாட்டு வெளியானது. அதற்குப் பின் அந்தச் சரிவுப் பாதையில் துப்பாக்கியோடு போலீசார் நிற்பது ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போயிற்று.

அந்தப் பகுதியை ஒரு கேள்வியோடு முடித்திருந்தோம். டால்பின் நோஸ் போகும் வழியில் டீ ஆற்றிக் கொடுப்பவர் முருக பக்தர். வாங்கிக் குடிப்பவர் யூதர். அந்த யூதரின் மதம், இந்த முருக பக்தருக்கு மறுமையில் ஓர் இடம் வைத்திருக்கிறதா?

பதிலைத் தேடி வட்டக்கானலிலிருந்து இறங்கிப் பழனி அடிவாரம் வரை போகவேண்டியிருக்கிறது. அங்கிருந்து ஜெருசலேமுக்கு.

* * *

அழைத்தவர்கள், தானாக வந்தவர், அழைக்காதவர்கள்

கொடைக்கானலுக்கு மதமாற்றம் புதிய சங்கதி அல்ல. ஊரே அதிலிருந்துதான் பிறந்தது. கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து 1845-ல் இங்கே வீடு கட்டிக் குடியேறியவர்கள் மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள். 1866-ல் சலேத் மாதா கோயில் எழும்பியது. 1895-ல் செண்பகனூரில் சேசு சபையார் கல்லூரி தொடங்கினார்கள். உலகத்தாரை எல்லாம் தம் பக்கம் அழைப்பது கடமை என்று நம்பியவர்கள் இவர்கள்.

எதிர்த்திசையிலும் ஒருவர் வந்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஹாரிசன் என்ற பெண்மணி, இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவத்தைத் தழுவி, லீலாவதி இராமநாதன் ஆனார். 1936-ல் அவர் கட்டியதுதான் குறிஞ்சி ஆண்டவர் கோயில். யாரும் அவரைத் துண்டுப் பிரசுரம் கொடுத்து அழைக்கவில்லை. மேகம் விலகிய நாளில் அந்தக் கோயிலின் பின்புறம் நின்றால் கீழே சமவெளியில் பழனி மலை தெரியும்.

வட்டக்கானலுக்கு வந்த யூதர்கள் இந்த இரண்டு வகையிலும் சேரமாட்டார்கள். சீசனில் இங்கே வழிபாடும் சாபத் என்னும் ஓய்வுநாள் விருந்தும் நடத்தும் சபாத் இயக்கத்தாருக்கு ஊழியக் களம் என்று ஒன்று உண்டு. ஆனால் அது மதத்தை மறந்துவிட்ட யூதர்கள் மட்டும். உள்ளூர்க்காரர் ஒருவர் போய் “என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டால் ரபி பெரும்பாலும் தயங்குவார். தட்டிக்கழிப்பார். திரும்பத் திரும்ப வந்தால்தான் காதுகொடுப்பார்.

இது தனிமனித சுபாவம் அல்ல, விதி. மதம் மாற வருபவரிடம் முதலில் யூதர்கள் படும் துன்பங்களை எடுத்துச்சொல்லச் சொல்கிறது யூதச் சட்ட நூலான தால்முட். அதையும் கேட்டுவிட்டுப் பின்வாங்காமல் நிற்பவருக்குத்தான் கட்டளைகளில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பிறகு மூன்று பேர் கொண்ட மத நீதிமன்றம், ஆணாக இருந்தால் விருத்தசேதனம், இருவருக்கும் முழுக்கு. தாண்டி உள்ளே போய்விட்டால் மாற்றுக் குறைவு கிடையாது. ஒபதியா என்ற மதம் மாறிய ஒருவர், “எங்கள் முன்னோரின் கடவுளே என்று நானும் பிரார்த்திக்கலாமா?” என்று 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீசுக்கு எழுதிக் கேட்டார். தாராளமாகச் சொல்லலாம், ஆபிரகாம் உமக்கும் தகப்பன் என்று பதில் போனது. ஏட்டில் இருந்த இந்தப் பெருந்தன்மை நடைமுறையில் எப்படித் தேய்ந்தது என்பதைக் கொச்சிப் பகுதிகளில் பார்த்தோம். அடிமைகளாக இருந்து யூதரானவர்களின் சந்ததியை ஜெப ஆலயத்தின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். அந்தச் சந்ததியில் வந்த ஏ.பி. சேலம் 20-ஆம் நூற்றாண்டிலும் அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது.

வாசல் எப்போதுமே இவ்வளவு இறுக்கமாகச் சாத்தியிருக்கவில்லை. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹிர்கானஸ் என்ற யூத ஆட்சியாளன், தான் வென்ற இதுமேயர்களைக் கட்டாயப்படுத்தியே யூதராக்கினான். பின்னால் காலம் மாறியது. கிறிஸ்தவ ரோமப் பேரரசர்கள் யூதத்துக்கு மாறுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கினார்கள். இஸ்லாமிய ஆட்சிகளிலும் முஸ்லிம் ஒருவர் யூதராவது நினைத்துப்பார்க்க முடியாத காரியம். ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் ஊரே பழி சுமக்க வேண்டும். கதவைச் சாத்தியதில் பாதிப் பங்கு வெளியே நின்ற ராஜாக்களுக்கு உண்டு.

சரி, உள்ளே விடுவதில்லை. வெளியே நிற்பவனின் கதி?

* * *

சவப்பெட்டி சுமந்த இருவர்

கி.பி. 70. ரோமப் படை ஜெருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. உள்ளே பசி. யோகனான் பென் சக்காய் என்ற முதுபெரும் ஆசானை நகரத்துக்கு வெளியே கொண்டுபோக, அவர் இறந்துவிட்டதாக நாடகமாடிச் சவப்பெட்டியில் வைத்துத் தூக்கிப்போனார்கள் சீடர்கள் என்று தால்முட் ஒரு கதை சொல்கிறது. ஒரு பக்கம் சுமந்தவர் எலியேசர். இன்னொரு பக்கம் யோசுவா.

கோயில் எரிந்ததை இருவரும் அறிவார்கள். எரித்தவர்கள் அந்நியர் என்பதையும் அறிவார்கள். பின்னாளில், அந்நியருக்கு மறுமையில் பங்கு உண்டா என்ற கேள்வி வந்தபோது, ஒரே பெட்டியைச் சுமந்த இந்த இருவரும் எதிரெதிர் பக்கம் நின்றார்கள்.

வாதம் ஒன்பதாம் சங்கீதத்தின் ஒரு வசனத்தைச் சுற்றி நடந்தது. தீயோரும், கடவுளை மறந்த இனத்தார் எல்லோரும் பாதாளம் போவார்கள் என்ற பொருளில் வரும் வசனம் அது. எலியேசருக்கு அதில் சந்தேகமே இல்லை. தீயோர் என்றால் இஸ்ரவேலரில் கெட்டவர்கள். இனத்தார் என்றால் மற்ற அத்தனை பேரும். யாருக்கும் பங்கு கிடையாது.

யோசுவா ஏழை. வீட்டுச் சுவரெல்லாம் கரி படியும்படி கைத்தொழில் செய்து பிழைத்தவர். அவர் வசனத்தின் வாலைப் பிடித்தார். ‘எல்லா இனத்தாரும்’ என்பதோடு வசனம் நின்றிருந்தால் நீர் சொல்வது சரி. ‘கடவுளை மறந்த’ என்று ஏன் சேர்க்க வேண்டும்? மறக்காதவர்களும் அவர்களில் இருப்பதால்தானே? ஆகவே பிற இனத்தாரிலும் நீதிமான்கள் உண்டு. அவர்களுக்கு மறுமையில் பங்கும் உண்டு.

தோசெப்தா என்ற தொகுப்பில் இருவர் கருத்தும் அருகருகே பதிவாகியிருக்கின்றன. பின்வந்த மரபு யோசுவாவின் பக்கம் சாய்ந்தது. ஊரை எரித்தவர்களின் இனத்துக்கும் சேர்த்து அவர் அதைச் சொன்னார் என்பதை நினைத்தால், அந்தச் சாய்வு சாதாரணமானதாகப் படவில்லை.

யூத இன அழிப்பின்போது யூதரைக் காப்பாற்றிய பிறருக்கு இஸ்ரேல் இன்று கொடுக்கும் பட்டம் அந்தப் பழைய வாக்கியத்திலிருந்து எடுத்ததுதான். 2008 நவம்பரில் மும்பை நரிமன் இல்லத்தில் சபாத் ரபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் மனைவி ரிவ்காவும் கொல்லப்பட்டபோது, இரண்டு வயதுப் பிள்ளை மோஷேயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்த சாண்ட்ரா சாமுவேல் யூதர் அல்லர். 2010-ல் இஸ்ரேல் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. மதம் மாறுவாயா என்ற நிபந்தனை வைக்கவில்லை.

* * *

ஏழில் முதலாவது

நீதிமான் என்று யாரைச் சொல்வது? அளவுகோல் வேண்டுமே!

யூதருக்கு 613 கட்டளைகள். மற்ற மனிதகுலத்துக்கு, வெள்ளத்தில் தப்பிய நோவாவின் பிள்ளைகள் என்ற முறையில், ஏழே ஏழு. கொலை, திருட்டு, முறைகேடான உறவு கூடாது. இறைவனைப் பழிக்கக் கூடாது. உயிரோடிருக்கும் விலங்கின் உறுப்பை அறுத்துத் தின்னக் கூடாது. ஊரில் நீதிமன்றம் இருக்க வேண்டும். இந்த ஆறும் வட்டக்கானல் டீக்கடைக்காரருக்கு ஒரு சிரமமும் இல்லை.

வழக்கமாக முதலில் வைத்து எண்ணப்படும் கட்டளைதான் சிக்கல். விக்கிரக வழிபாடு கூடாது.

இந்த மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முருகன். அடிவாரத்தில் போகர் நவபாஷாணத்தில் செய்ததாக வழங்கும் தண்டாயுதபாணி. மேலே பூம்பாறையில் குழந்தை வேலப்பர்; அவரையும் போகரோடு சேர்த்தே சொல்வார்கள். நடுவில் குறிஞ்சி ஆண்டவர். ஏழில் முதலாவதற்கே இப்படி இடித்தால் பிறகு யோசுவா திறந்துவிட்ட கதவால் என்ன பயன்?

மைமோனிடீஸ் இதை மேலும் இறுக்கினார். 1138-ல் ஸ்பெயினில் பிறந்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இவர், சட்டத் தொகுப்பில் ஒரு நிபந்தனை சேர்த்தார். ஏழு கட்டளைகளையும் கடைப்பிடித்தால் போதாது. கடவுள் மோசே வழியாகக் கட்டளையிட்டார் என்பதற்காகவே கடைப்பிடிக்க வேண்டும். நியாயமாகப் பட்டது, அதனால் நடந்தேன் என்பவனுக்கு நீதிமான் என்ற பெயர் இல்லை.

இந்தியா அவருக்குக் கேள்விப்படாத தேசம் அல்ல. இரத்தின வியாபாரியான தம்பி டேவிட் இந்தியாவுக்குக் கப்பலேறி நடுக்கடலில் மூழ்கினார். அந்தத் துக்கத்தில் அண்ணன் ஓராண்டு படுக்கையாகக் கிடந்தார். இந்தியர்கள் மாடறுப்பதில்லை என்பதைத் தம் தத்துவ நூலில் குறிப்பிடுகிறார். ஆனால் அதே நூலில், பழைய நட்சத்திர வழிபாட்டுக்காரர்களின் மிச்சம் என்று வடகோடித் துருக்கியரோடு தென்கோடி இந்துக்களையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வரி 600 ஆண்டு அப்படியே கிடந்தது.

* * *

பெர்லினிலிருந்து ஒரு சாட்சி

1769. பெர்லின். மோசஸ் மெண்டல்சோன் பட்டு ஆலையை நிர்வகிப்பவர், பெரிய தத்துவ அறிஞர், யூதர். லாவட்டர் என்ற சுவிஸ் பாதிரியார் அச்சுப் புத்தகத்திலேயே அவருக்குச் சவால் விட்டார்: கிறிஸ்தவத்துக்கு ஆதாரமாக நான் மொழிபெயர்த்திருக்கும் இந்த வாதங்களை மறுத்துக் காட்டும், இல்லையேல் மாறிவிடும்.

மெண்டல்சோன் சிக்கிக்கொண்டார். மறுத்தால் வம்பு, மறுக்காவிட்டால் அவமானம். அவர் மூன்றாவது வழி எடுத்தார். என் மதம் யாரையும் மாற்றச் சொல்வதில்லை. கன்பூசியசோ சோலனோ இன்று உயிரோடிருந்தால் அவர்களை மாற்ற நினைக்காமலே என்னால் நேசிக்க முடியும் என்ற பொருளில் பதில் எழுதினார்.

எழுதிவிட்டாரே தவிர, மைமோனிடீசின் நிபந்தனை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. மோசேயின் பெயரே கேள்விப்படாதவன் எப்படி மோசேயை நம்பி நடப்பான்? 1773-ல் ரபி யாக்கோபு எம்டனுக்குக் கடிதம் போட்டுக் கேட்டார்: கிழக்கிலிருந்து மேற்குவரை நம்மைத் தவிர எல்லோரும் குழிக்குள்தான் போகவேண்டுமா? எம்டன் மைமோனிடீசை விட்டுக்கொடுக்கவில்லை. மெண்டல்சோனும் தம் எண்ணத்தை விடவில்லை.

பத்து ஆண்டு கழித்து, 1783-ல் ‘ஜெருசலேம்’ என்ற நூல் எழுதினார். இந்தத் தொடருக்கு அந்த நூலில் ஒரு புதையல் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஹோல்வெல் இந்துக்களைப் பற்றி எழுதியதை மெண்டல்சோன் படித்திருந்தார். ஆமையும் பாம்பும் பன்றியும் வரும் படைப்புக் கதையை எடுத்துக் காட்டிவிட்டு, வெளியூர்க்காரர் இதைப் பார்த்து அவசரப்பட்டு விக்கிரக வழிபாடு என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது என்று எச்சரிக்கிறார். நமக்கு உருவமாகத் தெரிவது அவர்களுக்கு எழுத்தாக இருக்கலாம்.

உதாரணத்துக்கு அவர் கொண்டுவருவது சொந்த வீட்டு விஷயம். ஜெருசலேம் கோயிலைச் சூறையாடியவர்கள் உடன்படிக்கைப் பெட்டியின் மேல் இருந்த கேருபீன் உருவங்களைக் கண்டு, யூதர்களின் விக்கிரகம் இதுதான் என்று முடிவுகட்டினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவன் கண்ணுக்கு யூதனும் விக்கிரகம் கும்பிடுபவனாகவே தெரிந்தான்!

இந்தியாவில் கால்வைக்காத ஒரு ஜெர்மன் யூதர் 240 ஆண்டுகளுக்கு முன் இதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் தத்துவவாதி. மதச் சட்டத்தில் அவர் பேச்சுக்கு எடை கிடையாது. எடையுள்ள ஒருவர் இந்துக் கோயிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் நாள் வந்தபோது, யாரும் மெண்டல்சோனைப் புரட்டிப் பார்க்கவில்லை.

* * *

முடிக்கொட்டகை

பழனி அடிவாரம், விடிகாலை. முடிக்கொட்டகையில் தண்ணீர் தெளிக்கும் சத்தம், பிள்ளைகளின் அலறல். மாமன் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாவிதர் புது பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகுகிறார். நெற்றியிலிருந்து பிடரிவரை நாலு இழுப்பு. நனைந்த முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுகிறது. அடுத்த பலகையில் இடுப்புவரை கூந்தல் இறங்கிய ஒரு பெண். அவர் முடியைக் கீழே சிந்தவிடாமல் தனியே எடுத்துவைக்கிறார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் அப்பியதும் குழந்தை அழுகையை நிறுத்திவிடுகிறது. 2021-லிருந்து கோயில்களில் மொட்டைக்குக் கட்டணமும் இல்லை.

தனியே எடுத்துவைத்த அந்த நீளக் கூந்தலுக்குத்தான் உலகச் சந்தை. ஏலம், ரகம் பிரிப்பு, ஏற்றுமதி. சென்னை அதற்குப் பெரிய மையம். கோயில் முடியில் மிகப் பெரிய பங்கு திருப்பதியுடையது. பழனி, திருத்தணி, சமயபுரம் முடியும் ஏலத்துக்குப் போவதுதான். போய்ச் சேரும் இடங்களில் நியூயார்க்கின் புரூக்ளினும் ஜெருசலேமும் உண்டு. ஆசாரமான யூதப் பெண்கள் திருமணத்துக்குப் பின் சொந்தத் தலைமுடியை வெளியே காட்டுவதில்லை. பலர் விக் அணிவார்கள். வட்டக்கானலுக்கு ஆள் அனுப்பும் சபாத் இயக்கத்தின் தலைவராக இருந்த மெனக்கெம் மெண்டெல் ஷ்னீர்சன், முக்காட்டைவிட விக்கே மேல் என்று வற்புறுத்தியவர். பிற இனத்தாருக்கு ஏழு கட்டளைகளை எடுத்துச்சொல்லுங்கள் என்று 1980-களில் இயக்கம் நடத்தியவரும் அவரே. 1991-ல் அமெரிக்க நாடாளுமன்றத் தீர்மானம் ஒன்றில் ‘நோவாவின் ஏழு கட்டளைகள்’ என்ற பெயர் இடம்பெற்றது.

எங்கோ ஒரு தாய் வேண்டுதலுக்கு இறக்கிய முடி, இன்னொரு மதத்துப் பெண்ணின் ஆசாரத்தைக் காத்துக்கொண்டிருந்தது. இருவருக்கும் அது தெரியாது.

* * *

2004 மே

ஜெருசலேமில் ரபி யோசெப் ஷாலோம் எல்யாஷிவுக்கு அப்போது 94 வயது. லிதுவேனியாவில் பிறந்து சிறுவயதிலேயே ஜெருசலேம் வந்தவர். அப்போது பதவி எதுவும் வகிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னால் லட்சக்கணக்கான ஆசார யூதர்களுக்கு அது சட்டம்.

இந்தியக் கோயில் முடியில் செய்த விக் அணியலாமா என்ற பிரச்சினை அவரிடம் முதன்முறை வந்தபோது, அப்போது கிடைத்த விவரங்களை வைத்து அவர் தடை சொல்லவில்லை. இப்போது கேள்வி மீண்டும் கிளம்பியது. யாரோ சொன்னதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம், நேரில் போய்ப் பார்க்கட்டும் என்று லண்டனைச் சேர்ந்த ரபி ஆரோன் டேவிட் டன்னர் திருப்பதிக்கு அனுப்பப்பட்டார்.

என்ன பார்க்க வேண்டும் என்பதில்தான் மொத்த வழக்கும் அடங்கியிருந்தது. யூதச் சட்டப்படி, விக்கிரகத்துக்குப் படைத்த பொருளால் யூதர் எந்தப் பலனும் அடையக் கூடாது. விற்றுக் காசாக்கவும் கூடாது. ஆகவே முதல் கேள்வி: முடி, படையலா? மூலவர் கருவறையில் இருக்கிறார், மொட்டை போடுவதோ வேறு கட்டடத்தில். முடியை யாரும் சன்னிதிக்குக் கொண்டுபோவதில்லை. இதைச் சொல்லி, இது படையலே ஆகாது, வழிபாட்டுக்கு முன் செய்யும் தயாரிப்பு, அழகைத் துறக்கும் அடக்கம், அவ்வளவுதான் என்று வாதிட்டவர்கள் ரபிகளிலேயே உண்டு. எதிர்த்தரப்பு கேட்டது: பக்தர் மனசில் என்ன இருக்கிறது? சாமிக்காக வெட்டுகிறோம் என்று நினைத்து வெட்டினால் வெட்டும் அந்தச் செயலே வழிபாடு. பலிகொடுப்பதற்கு ஒப்பாக அதைக் கொள்ள தால்முட்டில் இடம் இருக்கிறது.

டன்னர் போனார். பக்தர்களை விசாரித்தார், நாவிதர்களை விசாரித்தார். சாமிக்குக் கொடுக்கிறோம் என்பதே பக்தர் எண்ணம் என்று அறிக்கை கொடுத்தார்.

மே மாத நடுவில் தீர்ப்பு வந்தது. இந்தக் கோயில் முடியில் செய்த விக் ஆகாது.

புரூக்ளின் வில்லியம்ஸ்பர்க் தெருவில் நெருப்பு மூட்டினார்கள். பல நூறு, சில ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய விக்குகளைப் பெண்கள் கொண்டுவந்து அதில் போட்டார்கள். இஸ்ரேலிலும் எரிந்தது. செயற்கை இழை விக்குகளுக்கும் தொப்பிகளுக்கும் கடைகளில் கூட்டம். அமெரிக்க ரபிகளில் சிலர் தடையை ஏற்கவில்லை. ஆனாலும் சந்தேகத்தோடு தலையில் வைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

தீர்ப்பில் அடிபட்ட பெயர் திருப்பதி. தர்க்கம் பழனிக்கும் அப்படியே பொருந்தும்.

பக்தரின் எண்ணத்தைக் கேட்க ஆள் அனுப்பியது நியாயமான காரியம். எத்தனையோ வெளிநாட்டுத் தீர்ப்புகள் அந்த மரியாதைகூடக் கொடுத்ததில்லை. ஆனால் விசாரணை விக்குக்காக நடந்தது, பக்தருக்காக அல்ல. யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டால் முருகனுக்கு என்றுதான் பழனிப் பாட்டி சொல்வாள். முருகனுக்கு முடி எதற்கு என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அந்த இரண்டாவது கேள்விக்கு விசாரணையில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை. கல்லில் கடவுளைத் தேடுபவரைக் கேலி செய்த சிவவாக்கியரும், நவபாஷாணத்தில் முருகனை வடித்ததாகச் சொல்லும் போகரும் ஒரே சித்தர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாடு இது. அதை ஒரு பயணத்தில் விளங்கிக்கொள்வது கடினம்தான்.

இந்த நெடிய கதையில் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். வெளியே நிற்பவரின் நிலை என்ன என்பதை யூத மரபு அவரை முன்னிட்டு யோசித்த சந்தர்ப்பம் குறைவு. கொச்சியில் கல்யாணப் பிரச்சினை வந்தது, கெய்ரோவுக்குக் கேள்வி போனது. பிரான்சின் தென்கோடியில் 13-ஆம் நூற்றாண்டில் மெய்ரி என்ற அறிஞர், மத ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட இனத்தார் பழங்கால விக்கிரகக்காரர்களில் சேரமாட்டார்கள் என்று அருமையாக ஒரு வழி திறந்தார்; அண்டைக் கிறிஸ்தவர்களோடு கொடுக்கல் வாங்கல் நடக்க வேண்டிய ஊர் அது. பெர்லினில் லாவட்டர் தொந்தரவு. 2004-ல் விக்.

* * *

ஒரு மஞ்சக்குடிக்காரர் புறப்படுகிறார்

தெருவில் விக் எரிந்து மூன்று ஆண்டுகூட முடியவில்லை. 2007 பிப்ரவரியில் டெல்லியில் ஒரு சந்திப்பு நடந்தது. ஒரு பக்கம் இஸ்ரேலின் தலைமை ரபி யோனா மெட்ஸ்கர். மறுபக்கம் இந்து தர்ம ஆசார்ய சபையை ஒருங்கிணைத்த சுவாமி தயானந்த சரஸ்வதி. திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடியில் 1930-ல் பிறந்தவர். கோவை ஆனைகட்டியில் குருகுலம் நடத்தியவர். மதமாற்றம் ஒரு வன்முறை என்று 1999-ல் போப் இரண்டாம் ஜான் பாலுக்கே பகிரங்கக் கடிதம் எழுதியவர். ஆள் பிடிப்பதில்லை என்ற விஷயத்தில் இரு தரப்புக்கும் பேச்சே தேவைப்படவில்லை.

மற்ற விஷயத்தைப் பேசியே ஆகவேண்டும். அடுத்த ஆண்டு, 2008 பிப்ரவரியில், ஜெருசலேமிலேயே இரண்டாவது சந்திப்பு. அங்கே உருவான கூட்டறிக்கையில் அதுவரை எந்தத் தலைமை ரபி பீடமும் சொல்லாத ஒன்று ஏறியது. இந்துக்கள் வழிபடுவது ஒரே பரம்பொருளை. குறிப்பிட்ட ஒரு வடிவத்தின் முன் நின்று வணங்கும்போதும் அவர்கள் மனம் நாடுவது அந்த ஒன்றைத்தான். ஆகவே அவர்கள் விக்கிரகங்களைக் கும்பிடுகிறார்கள் என்று கொள்ளக் கூடாது.

மெண்டல்சோன் 225 ஆண்டுகளுக்கு முன் எந்தப் பெயரில் நூல் எழுதினாரோ, அந்த ஊரிலேயே அந்தக் கருத்து இடம்பிடித்துவிட்டது.

அறிக்கையின்படி பார்த்தால் ஏழில் முதலாவது கட்டளையை முருக பக்தர் மீறவில்லை. மீறவில்லை என்றால் யோசுவாவின் கதவு அவருக்கும் திறந்திருக்கிறது. அதோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது: அவர் இறக்கிய முடி விக்கிரகப் படையலும் அல்ல.

ஆனால் அதே ஜெருசலேமில், 97 வயது எல்யாஷிவ் இன்னும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைமை ரபியின் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது. அவரைப் பின்பற்றியவர்களையும் கட்டுப்படுத்தாது. நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நகரத்திலிருந்து பழனிப் படிக்கட்டுக்கு இரண்டு பதில்கள் வந்திருக்கின்றன. ஒரு பரம்பொருள் என்று சுவாமிகள் சொன்னதை முடிக்கொட்டகையில் உட்கார்ந்திருப்பவரின் எண்ணமாக ஏற்றுக்கொள்ள யூதச் சட்டத்தில் வழி உண்டா? அல்லது சாமியார் ஒன்று சொல்வார், பக்தர் வேறு நினைப்பார் என்று 2004-ன் விசாரணை பக்கமே தராசு சாயுமா?

(தொடரும்)